உள்ளரங்க சுயசேவை கார் வாஷ்: பனி, பாலை, மழை ஊர்களில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் எட்மண்டன், வின்னிபெக் போன்ற ஊர்களில் வாரக்கணக்கில் மைனஸ் 25 டிகிரியில் எல்லாம் விறைத்துக் கிடக்கும். நடுவில் ஒரு சனிக்கிழமை வெயிலடித்து மைனஸ் 8-க்கு ஏறினால் போதும், சுயசேவை கார் வாஷ் வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். உப்பும் மணலும் அப்பிய வண்டியை வீட்டு வாசலில் வைத்துக் கழுவ வழியில்லை. ஊற்றிய தண்ணீர் கதவிலேயே கட்டியாகிவிடும். அதனால் அங்கே கழுவும் கூடம் நான்கு சுவருக்குள் இருக்கிறது. முன்னும் பின்னும் மேலே ஏறும் கதவு, தரைக்கு அடியில் சூடு, சுவரில் காசோ கார்டோ போடும் பெட்டி, ஒரு பிரஷர் கன், ஒரு ஃபோம் பிரஷ். கழுவுபவர் வாடிக்கையாளரே. பல இடங்களில் பணியாள் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

கன் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 18 லிட்டர் தண்ணீர் அடிக்கிறது. அதில் பெரும்பகுதி வடிகாலுக்குப் போகும், கொஞ்சம் வண்டியோடு வெளியே போகும், மிச்சம் ஆவியாகிக் கூடத்துக்குள்ளேயே நிற்கும். திறந்தவெளி வாஷில் அந்த மிச்சத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளரங்கில் கதவு, சுவர், மோட்டார், மின்பெட்டி எல்லாவற்றையும் அரிப்பது அதுதான். ஊருக்கு ஊர் தண்ணீரின் தொல்லை மாறும்: குளிரில் பனிக்கட்டி, பாலையில் வெள்ளைக் கறை, வெப்பமண்டலத்தில் பூஞ்சையும் கொசுவும். எந்த ஊரானாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தக் கூடத்துக்குள் வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடமிருந்து நடக்கிற கார் வாஷை வாங்காதீர்கள்.

படி 1: ஊரின் நான்கு எண்களைக் கையில் எடுங்கள்

இடம் பார்க்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை நான்கு. குளிர்கால இரவின் சராசரி வெப்பநிலை. வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டித் தாண்டி ஏறி இறங்கும் நாட்கள் எத்தனை. காற்றின் பனிப்புள்ளி, அதாவது எந்த வெப்பநிலையில் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக ஒட்டத் தொடங்கும் என்பது. நான்காவது, குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை. முதல் மூன்றும் அந்தந்த நாட்டு வானிலைத் துறையிடம் கிடைக்கும். நான்காவது மாநகராட்சியின் தண்ணீர்த் தர அறிக்கையில் இருக்கும்.

இரண்டாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20 டிகிரியை ஒட்டியிருக்கும். கடுங்குளிர்தான், ஆனால் நிலையான குளிர். டொராண்டோவில் அவ்வளவு குளிர் இல்லை. பதிலாக, பகலில் உருகி இரவில் உறைவது குளிர்காலம் முழுக்க நடக்கும். கான்கிரீட்டின் நுண்துளைக்குள் புகுந்த உப்புத் தண்ணீர் ஒவ்வொரு முறை உறையும்போதும் விரிந்து மேற்பரப்பைப் பெயர்க்கிறது. கட்டடத்தின் ஆயுளை வைத்துப் பார்த்தால் டொராண்டோ குளிரை மென்மையானது என்று சொல்லவே முடியாது.

ஃபீனிக்ஸில் ஜூலை மாதப் பகல் சராசரி 41 டிகிரி. அங்கே கடினத் தண்ணீரும் தூசியும்தான் பெரிய எதிரிகள். கோலாலம்பூரில் வருடம் முழுக்கப் பகல் 32, 33 டிகிரி, பனிப்புள்ளியே 24 டிகிரியை ஒட்டி. அங்கே நனைந்தது தானாகக் காய்வதில்லை.

படி 2: தரையும் சுவரும்

குளிர் ஊரில் தரைதான் அடுப்பு. கான்கிரீட்டுக்குள் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய்களைச் சுருள் சுருளாகப் பதித்து, உறையாமல் காக்கும் கிளைக்கால் கலந்த தண்ணீரை பாய்லரில் சூடாக்கி ஓடவிடுகிறார்கள். கான்கிரீட்டுக்கு அடியில் எக்ஸ்பிஎஸ் என்னும் சூடு கடத்தாத நுரை அட்டை போடாவிட்டால் நிறையச் சூடு மண்ணுக்குப் போகும். ஓரங்களிலும், குறிப்பாக வாசற்படியை ஒட்டியும், அந்த அட்டை கட்டாயம். காற்றைச் சூடாக்கும் ஹீட்டரை மட்டும் நம்பினால் கதவு ஒருமுறை திறந்ததும் சூடெல்லாம் வெளியே போய்விடும். தரையில் சேமித்த சூடு அப்படிப் போகாது. கதவு மூடிய சில நிமிடங்களில் கூடம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கான்கிரீட் ஊற்றும் முன் குழாய்களில் காற்றழுத்தம் ஏற்றி அது இறங்குகிறதா என்று பாருங்கள். ஊற்றி முடியும்வரை அழுத்தமானியைக் கழற்றாதீர்கள். வேலையின்போது யாராவது மிதித்துக் குழாய் பிய்ந்தால் முள் உடனே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: குழாய் ஓடும் பாதையை, சுவரிலிருந்து அளவுநாடா பிடித்து, புகைப்படமாக எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மேட் மாட்டும் கிளிப்புக்கோ கம்பத்துக்கோ தரையில் துளை போட வருபவருக்கு அந்தப் படம் இல்லையென்றால், டிரில் நேராகக் கிளைக்கால் குழாயில்தான் இறங்கும்.

கான்கிரீட்டின் தரத்தில் கை வைக்காதீர்கள். உப்பும் உறைவும் சேர்ந்து தாக்கும் கட்டுமான கான்கிரீட்டுக்குக் கனடாவின் சிஎஸ்ஏ ஏ23.1 தரம் சி-1 என்ற வகுப்பைச் சொல்கிறது: குறைந்தது 35 மெகாபாஸ்கல் வலு, நீர்-சிமெண்ட் விகிதம் 0.40-க்கு மேல் போகக் கூடாது, உறைந்து உருகும் இடமென்றால் நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்த கலவை. வாட்டம் 2 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், கழுவிய நீரின் மணலும் சேறும் தங்கும் நடுவிலுள்ள சகதிக்குழியை நோக்கி.

சுவருக்கு மரம், ஜிப்சம் பலகை, பெயிண்ட் மட்டும் அடித்த இரும்பு எதுவும் ஆகாது. பிவிசி பலகை அல்லது கண்ணாடி இழைப் பலகை, இணைப்புகள் முழுவதும் சீல் செய்தது. கூடத்தின் காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள், பனிப்புள்ளி 11.6 டிகிரி வருகிறது. அதைவிடக் குளிர்ந்த ஒவ்வொரு பரப்பும் வியர்க்கும். சுவருக்குள் ஆவி நுழைந்தால், வெளிப்பக்கத் தகட்டின் உட்புறத்தில் பனிக்கட்டியாக உட்கார்ந்து வசந்தத்தில் ஒழுகும். கூரை ஓட்டை என்று நினைத்துக் கூரைக்காரரை அழைத்துப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. ஆவித்தடுப்புத் தாள் சூடான பக்கம், அதாவது உட்புறம் இருக்க வேண்டும்.

பம்ப், பாய்லர், மின்பெட்டி இருக்கும் இயந்திர அறையைக் கூடத்திலிருந்து முழுமையாகப் பிரியுங்கள். அந்த அறைக்குள் வெளிக்காற்றை மெதுவாகத் தள்ளி அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால், கூடத்தின் ஈரமும் ரசாயன ஆவியும் உள்ளே வராது. கூடத்துக்குள் வாடிக்கையாளர் தொடும் பொத்தான்கள் 24 வோல்ட்டில் ஓடட்டும். பெட்டிகள் தண்ணீரும் அரிப்பும் தாக்காத நேமா 4எக்ஸ் தரத்தில் இருக்கட்டும்.

பாலை ஊரில் வெள்ளைக் கூரையும் ஆழமான நிழலும் போதும். கதவு தூசிக்காக மட்டும். வெப்பமண்டலத்தில் உயரமான கூரை, உச்சியில் சூடான காற்று வெளியேறும் திறப்பு, பக்கச் சுவரில் லூவர் என்னும் சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு. மூடிய பெட்டியாகக் கட்டிவிட்டு ஏசி போட நினைப்பது வீண்செலவு.

படி 3: கதவு

குளிர் நாட்டு கார் வாஷில் மிக அதிகமாக வேலை செய்யும் இயந்திரம் பம்ப் என்று நினைப்பார்கள். கதவுதான். ஒவ்வொரு வண்டிக்கும் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று அது திறந்து மூட வேண்டும். ஒரு பக்கம் உறைபனி, மறுபக்கம் சுடுநீராவி.

பாலிகார்பனேட் பலகைகள் போட்ட கதவு வாங்குங்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது, வெளிச்சமும் உள்ளே வரும். தண்டவாளமும் சக்கரமும் ஸ்டெயின்லெஸ் அல்லது பிளாஸ்டிக். கிடங்குக் கதவில் வரும் சாதாரண இரும்பு ஸ்பிரிங் இந்த ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து அறும். அறுபடும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். காற்றழுத்தத்தில் இயங்கும் திறப்பான் ஈரத்துக்குத் தாங்கும், ஆனால் கம்ப்ரஸருக்குப் பிறகு காற்று உலர்த்தி இல்லையென்றால் குழாய்க்குள் ஈரம் உறைந்து கதவு பாதியில் நிற்கும். தடை உணரும் ஒளிக்கண்ணின் முகப்பு ஆவியில் மங்கிவிடும். அதைத் துடைப்பது தினசரி வேலை.

எல்லோருக்கும் வரும் பிரச்சினை ஒன்று. இரவு பதினொரு மணிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் அழைப்பார்: "அண்ணே, வண்டி உள்ள மாட்டிக்கிச்சு, கதவு மேல போகவே மாட்டேங்குது." கதவின் அடிப்பக்க ரப்பர் வாசற்படியோடு சேர்ந்து உறைந்திருக்கும். மோட்டாருக்கு வலு கூட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்து பாதி தரையிலும் பாதி கதவிலும் தொங்கும். அந்த இடைவெளி வழியாக இரவெல்லாம் குளிர் இறங்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, உள்ளிருந்து கன்னை லோ பிரஷரில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரை ரப்பர் ஓரமாக ஓட்டி விடுவிப்பது. அதை வாடிக்கையாளருக்கே போனில் சொல்லிச் செய்ய வைக்கலாம். நிரந்தரத் தீர்வு, தரைச்சூட்டுக் குழாயை வாசற்படிக்கு அடியிலும் அதைத் தாண்டி வெளியே ஒரு மீட்டராவதும் கொண்டுபோவது; வாசற்படிக்கு உட்புறம் ஒரு குறுக்கு வடிகாலும் வேண்டும். ரப்பருக்கு வாரம் ஒருமுறை சிலிகோன் ஸ்பிரே அடியுங்கள். வெளியேறும் பக்கத்தில் சூடு போகாத தரை இருந்தால், ஒவ்வொரு வண்டியும் சொட்டவிட்டுப் போகும் தண்ணீர் கண்ணாடி போல் உறைந்து, நடந்து வருபவர் விழுவார். அந்த வழக்கு ஒன்று வந்தால் ஒரு குளிர்கால வருமானம் போய்விடும்.

வாடிக்கையாளரின் வண்டிக் கதவும் உறையும். "வெளியே போகும் முன் கதவு ரப்பர்களைத் துடையுங்கள், நான்கு கதவுகளையும் ஒருமுறை திறந்து மூடுங்கள்" என்று சுவரில் பெரிதாக எழுதுங்கள். காற்று ஊதும் கன் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. தன் வண்டிக் கதவு திறக்காமல் அலுவலகத்தில் மாட்டியவர் மறுபடி வரமாட்டார்.

படி 4: காற்று

இதில் உயிர் விஷயம் இருக்கிறது. மூடிய கூடத்தில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், நிறமில்லை, மணமில்லை. ஒன்ராறியோவில் வேலையிடத்துக்கான 8 மணி நேரச் சராசரி வரம்பு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு. "இன்ஜினை அணைக்கவும்" என்ற பலகை மட்டும் போதாது. குளிர் நாட்டில் பல வண்டிகளில் ரிமோட் ஸ்டார்ட் உண்டு, தள்ளி நின்றே இன்ஜினை ஓட்டும் வசதி. கழுவி முடிக்கும் முன்பே உள்ளே சூடாகட்டும் என்று பொத்தானை அழுத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு கூடத்திலும் உணரி வேண்டும். அளவு ஏறியதும் அது விசிறியைத் தானாக ஓட்ட வேண்டும், இன்னும் ஏறினால் கதவைத் திறந்து அலாரம் அடிக்க வேண்டும். உணரிகளுக்கு ஆயுட்காலம் உண்டு. மாற்ற வேண்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு உள்ளே வர வழி வேண்டும். வழியில்லாவிட்டால் கட்டடம் வெற்றிடம் போல இழுத்து, பாய்லரின் புகையையே புகைபோக்கி வழியாகத் திரும்ப உள்ளே கொண்டுவரும். பாய்லர் தன் எரிகாற்றை வெளியிலிருந்தே தனிக்குழாயில் எடுக்கும் வகையாக இருக்கட்டும்.

குளிரில் ஒரு நல்ல செய்தி உண்டு. மைனஸ் 20 டிகிரிக் காற்றில் கனமீட்டருக்கு ஒரு கிராம் நீராவிகூட இருக்காது. அதையே 15 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 13 கிராம் தாங்கும். ஆகவே வெளியே இருக்கும் கடுங்குளிர்க் காற்றைப் போல உலர்த்தி வேறில்லை. ஒரே செலவு அதைச் சூடாக்குவது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவியைப் பொருத்தினால் அதிலும் ஒரு பங்கை மீட்கலாம். அதன் உட்பகுதி பிளாஸ்டிக்காகவோ பூச்சு போட்டதாகவோ இருக்க வேண்டும், வெறும் அலுமினியம் என்றால் உப்பு தின்றுவிடும். ஈரப்பதமானி சொல்லும்போது விசிறி ஓடட்டும். கடை மூடிய பின்னும் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். கேஸ் செலவை மிச்சம் பிடிக்க இரவில் விசிறியை அணைப்பவர்கள் அதைவிடப் பல மடங்கைப் பின்னால் மோட்டாருக்கும் மின்பலகைக்கும் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கோலாலம்பூரில் இந்தக் கணக்கு நேர்மாறு. வெளிக்காற்றே ஈரம் சுமந்து வருகிறது. அது எதையும் உலர்த்தாது. அங்கே பெரிய, மெதுவாகச் சுற்றும் விசிறியால் காற்றை அசைத்துக்கொண்டே இருப்பதும், தண்ணீர் தேங்கும் பரப்பே இல்லாமல் கட்டுவதும்தான் வழி.

படி 5: தண்ணீர்

சுயசேவைக் கூடத்துக்கு 1000 முதல் 1200 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் பழைய பெயிண்ட் உரியும், ஸ்டிக்கர் பறக்கும், கன்னின் உதைப்பில் வயதானவர்கள் தடுமாறுவார்கள்.

குளிர் ஊரில் எல்லாத் தண்ணீரையும் சூடாக்க ஆசைப்படாதீர்கள். சுடுநீர் அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் கூடம் முழுக்க மூடுபனியாகிவிடும். எதிரே நிற்கும் வண்டி தெரியாது. முதல் சோப்புக்கு மட்டும் 35 முதல் 40 டிகிரி, அலசலுக்குக் குளிர்ந்த நீர் என்று பிரித்தால் கேஸும் மிஞ்சும், பார்வையும் மிஞ்சும்.

கூடம் 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் கன் உறையாது. ஆனாலும் திறந்தவெளி வாஷில் வைக்கும் சொட்டுநீர் வால்வு ஒன்றை உள்ளரங்கிலும் வையுங்கள்: வெப்பநிலை 2 டிகிரியைத் தொட்டால் அது திறந்து, ஹோஸ் வழியாக மெல்லிய நீரோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். யாரோ கதவின் ஒளிக்கண்ணுக்கு முன் குப்பைத்தொட்டியை நகர்த்திவிட்டுப் போன இரவில், கதவு மூடாமல் நிற்கும்போது, அந்த வால்வுதான் ஹோஸைக் காப்பாற்றும். வெப்பநிலை குறைந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் அலாரமும் வேண்டும்.

கறையில்லாத கடைசி அலசலுக்கு ஆர்ஓ நீர், அதாவது சவ்வு வழியாக வடிகட்டி உப்பு நீக்கிய நீர். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவு, 50 பிபிஎம்-க்குக் கீழே இருந்தால் துடைக்காமலே கண்ணாடி தெளிவாகக் காயும். ஆர்ஓ சவ்வின் உற்பத்தி அளவை 25 டிகிரி நீருக்குத்தான் அட்டையில் போடுகிறார்கள். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் சுமார் 3 சதவீதம் குறையும். குளிர்காலத்தில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் 4, 5 டிகிரியில் குழாய்க்கு வந்தால் உங்கள் கருவி பாதியளவுதான் தரும், அதுவும் வண்டிகள் அதிகம் வரும் பருவத்தில். சேமிப்புத் தொட்டியைக் குளிர்கால அளவுக்குக் கணக்கிடுங்கள். சவ்வு ஒதுக்கும் உப்புநீரைக் கொட்டாமல் முதல் அலசலுக்குத் திருப்பலாம்.

தண்ணீர் ஊருக்கு ஊர் அவ்வளவு வேறுபடுகிறது. டொராண்டோவின் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம். லாஸ் வேகஸில் 280-ஐ ஒட்டி. மென்னீராக்கும் கருவி இல்லாமல் அங்கே ஒரு வருடத்தில் ஹீட்டருக்குள் சுண்ணாம்பு ஏறிவிடும். வின்னிபெக்குக்கு 1919 முதல் ஷோல் ஏரியிலிருந்து மென்மையான தண்ணீர் வருகிறது. அந்த ஏரிக்கரையிலேயே வாழும் ஷோல் லேக் 40 பூர்வகுடி மக்கள் மட்டும் 1997 முதல் 2021 வரை தங்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு நகரமே அவர்கள் ஏரித் தண்ணீரில் கார் கழுவியபோது அவர்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லாஸ் வேகஸில் சாக்கடைக்குப் போகும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, கொலராடோ நதியின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்புகிறது. அந்த நகரம் அதற்கு ஈடாகக் கொலராடோ நதியிலிருந்து கூடுதல் நீர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே வடிகாலுக்குள் போகும் நீர் நட்டமில்லை, ஆவியாவதுதான் நட்டம். வீட்டு வாசலில் கழுவுவதைவிடக் கூடத்தில் கழுவுவது மேல் என்று அங்கே உறுதியாகச் சொல்லலாம்.

படி 6: சோப்பு

சாலை உப்பு காய்ந்தபின் வண்டியில் ஒரு சாம்பல் படலம் நிற்கும். அழுத்த நீர் மட்டும் அதை எடுக்காது. மிதமான அமிலத் தன்மையுள்ள சோப்பும் காரச் சோப்பும் அடுத்தடுத்து அடித்தால் பிரியும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த வீல் கிளீனரை மட்டும் ஆளில்லாத கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். தோலில் பட்டபோது எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே ஊடுருவி எலும்பின் கால்சியத்தைத் தாக்கும். அது வீலைப் பளிச்சென்று ஆக்குகிறது என்பதற்காக ஒரு வாடிக்கையாளரின் விரலைப் பணயம் வைக்கக் கூடாது.

குளிரில் சோப்பு கெட்டியாகிறது. கோடையில் சோப்பைச் சரியான அளவில் இழுத்த அதே துளை முனை ஜனவரியில் குறைவாக இழுக்கும். பருவம் மாறும்போது கலவை விகிதத்தை மறுபடி அளந்து முனையை மாற்றுங்கள். மணல் தூவும் ஊரிலும் தூசிப்புயல் வீசும் ஊரிலும் ஃபோம் பிரஷ் பெயிண்டைக் கீறும். முதலில் அழுத்த நீர், பிறகுதான் பிரஷ் என்று பொத்தான்களின் வரிசையையே அமைத்துவிடுங்கள். பிரஷ் தொங்கும் கொக்கிக்கு அருகே அதை அலச ஒரு சிறு குழாய் வைத்தால் பலர் பயன்படுத்துவார்கள்.

சுவீடனில் அக்டோபர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஆணி பதித்த டயர் ஓட்டலாம்; ஆணிகள் தாரைச் சுரண்டி வண்டியில் அப்புகின்றன. அங்கே கூடத்தை நேரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து நிதானமாகக் கழுவுவார்கள். தாரைக் கரைக்கும் கரைப்பான் அதிகம் ஓடும் என்பதால் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

படி 7: சகதிக்குழி

கனடியப் புல்வெளி மாகாணங்களில் உப்பைவிட மணல் அதிகம் தூவுகிறார்கள். சோடியம் குளோரைடு மைனஸ் 10-க்குக் கீழே பெரிதாக உருக்காது. அந்த மணலெல்லாம் உங்கள் குழிக்குத்தான் வரும். ஒரு நீளக் குச்சியில் அளவு குறித்து, வாரம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்: எதிர்ப்பு தெரியும் இடம் சகதியின் மேல்மட்டம். குச்சியில் மேலே ஒட்டும் எண்ணெய்ப் படலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சகதியும் எண்ணெயும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கைத் தொடும்போது உறிஞ்சு லாரியை அழையுங்கள். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் அது வழக்கத்தைவிடச் சீக்கிரமே வரும். லாரிக்காரர் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டொராண்டோவின் கழிவுநீர் விதிகளான 681-ஆம் அத்தியாயம் போல, பெரும்பாலான நகரங்களில் இதற்குச் சட்டம் உண்டு. மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டும் விடாதீர்கள். அது சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது.

குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அழுகும் சகதியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கின் மணத்தைக் கொன்றுவிட்டு, பிறகு ஆளைக் கொல்லும். கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூட இறங்கக் கூடாது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி இறந்தவர்களை நினைத்தால், இதை மெதுவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் குழியின் மேல் தண்ணீர் அசையாமல் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். மூடியை இறுக்கமாக வையுங்கள். பயன்படுத்தாத கூடத்தின் தரை வடிகாலில் நீர் நிற்கும் வளைவு, வாளி, மேட்டின் அடிப்பகுதி எல்லாவற்றையும் வாரம் இருமுறை அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

படி 8: நேரமும் விலையும்

பனி ஊரில் வருமானம் வானிலை அறிவிப்பைப் பின்தொடரும். பனி நின்ற மறுநாள் வெயில் என்று அறிவிப்பு வந்தால் முந்தைய இரவே சோப்புத் தொட்டிகளை நிரப்பி, கதவுகளை ஓட்டிப் பாருங்கள். வரிசை நீளும் நாளில் குறைந்தபட்சத் தொகைக்கான நிமிடங்களைக் குறைப்பதைவிட, வெறும் அலசலுக்கு என்று ஒரு கூடத்தை ஒதுக்குவது நல்லது. ஜெர்மனியில் பல மாநிலங்களில் ஞாயிறு, விடுமுறை நாட்களில் கார் வாஷ் திறக்கக் கட்டுப்பாடு உண்டு. வார வருமானக் கணக்கை அதை வைத்துப் போட வேண்டும். வான்கூவர் போல மழை பெய்தும் அதிகம் உறையாத ஊர்களில் கதவுக்கும் தரைச்சூட்டுக்கும் இவ்வளவு செலவழிக்கத் தேவையே இல்லை. பாசி படியாத தரையும் நல்ல விளக்கும் போதும்.

படி 9: மின்சாரம் போகும் இரவுக்கான திட்டம்

குளிர் ஊரில் நடத்துபவர் இதை எழுதி இயந்திர அறைச் சுவரில் ஒட்ட வேண்டும். முன்னேற்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது தரைக்குழாயிலுள்ள கிளைக்கால். புரோப்பிலீன் கிளைக்காலின் 30 சதவீதக் கலவை சுமார் மைனஸ் 13 வரையும், 40 சதவீதம் மைனஸ் 21 வரையும், 50 சதவீதம் மைனஸ் 33 வரையும் உறையாது. எட்மண்டனில் 50-க்குக் குறையக் கூடாது. இலையுதிர் காலத்தில், கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மின்சாரமோ பாய்லரோ நின்றால், முதலில் எல்லாக் கதவுகளையும் கையால் இறக்கிப் பூட்டுங்கள். உள்ளே வண்டி இருந்தால் வெளியே அனுப்பிய பிறகு. தரையில் சேமித்த சூடு சில மணி நேரம் தரும். கதவு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மெயின் வால்வை மூடி, ஆர்ஓ சவ்வுகளைக் கழற்றிச் சூடான இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். உறைந்த சவ்வு திரும்ப வேலை செய்யாது. அடுத்து பம்ப் தலைகளின் வடிகால் திருகுகளைத் திறந்து விடுங்கள். பிறகு கன், ஹோஸ், சோப்புக் குழாய்களை எடுத்துச் செல்லக்கூடிய கம்ப்ரஸரால் ஊதி வெறுமையாக்குங்கள். மென்னீராக்கும் தொட்டியை நகர்த்த முடியாது. அதன் மேல் போர்வை சுற்றி, அந்த அறைக்கு மட்டும் ஜெனரேட்டரில் ஓடும் சிறு ஹீட்டர் வையுங்கள், ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

மின்சாரம் திரும்பியதும் அவசரப்பட்டு பம்பை ஓட்டாதீர்கள். தரை 10 டிகிரிக்கு வரட்டும். மெயின் வால்வைக் கால்பங்கு மட்டும் திறந்து, நகர அழுத்தத்திலேயே தண்ணீரை எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஆர்ஓ உறையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, பம்ப் தலைக்கு அடியில் சொட்டுகிறதா, கன்னின் கைப்பிடிக்குள் நீர் கசிகிறதா என்று பார்த்த பிறகே ஒவ்வொரு பம்பாக, ஒரு கூடத்துக்கு ஒன்றாக, இயக்குங்கள். கடைசியாகத் திறக்க வேண்டியது வாடிக்கையாளர் கதவு.